பைலட்டின் நட்சத்திரம்

லிட்கம், சிட்னி
11.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் மயூராவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி? வினுஷா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? உங்களுக்குப் போனில் குரல் கேட்காது. மகளின் போனுக்கு எழுதினால் அவள் பாதியைத்தான் காட்டுகிறாள் என்று போன முறை குறைப்பட்டீர்கள். அதனால் பழையபடி தபால்தான். லிட்கம் தபால் கந்தோரில் கையால் விலாசம் எழுதிக் கொண்டுபோகும் ஆள் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. அங்கே இருக்கும் பெண் என்னைக் கண்டதும் சிரிக்கிறாள்.

நல்ல செய்தி ஒன்று. எனக்கு வேலை கிடைத்துவிட்டது. விமான நிலைய வேலை கொரோனாவோடு போன பிறகு நான் பெட்டி அடுக்கினேன், கார் ஓடினேன், சும்மாவும் இருந்தேன். மயூரா வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் சேர்த்து வேலை செய்தாள். இப்போது மறுபடி என் கையில் ஸ்பானர் வந்திருக்கிறது.

ஹெலிகொப்டர் செய்யும் ஓர் ஐரோப்பியக் கொம்பனி. பெயர் என் வாயில் நுழையாது, உங்கள் வாயிலும் நுழையாது. தொழிற்சாலை அங்கே, இங்கே கிளை. பாகங்கள் பெட்டியில் வரும். நாங்கள் பூட்டி, பறக்கவிட்டுப் பார்த்து, வாங்கியவரிடம் கொடுப்போம். கடலில் தவறியவர்களைத் தேடுவதற்கும் காட்டுத்தீ பார்ப்பதற்கும் வாங்குகிறார்கள். மேலே சுழலும் இறக்கைகளைச் சமன்செய்வது என் வேலை. ஒரு பக்கம் நகத்துண்டு அளவு எடை கூடினாலும் முழு இயந்திரமும் நடுங்கும். கண்ணை மூடிக் காதால் கேட்டே எந்தப் பக்கம் என்று நான் சொல்லிவிடுவேன். அதற்காகத்தான் என்னை எடுத்தார்கள்.

வினுஷாவை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். மருந்தைத் தவறவிட வேண்டாம்.

உங்கள் தம்பி,
சிறி


டண்டினோங், மெல்பேர்ண்
25.02.2024

என் அன்புத் தம்பி சிறிதரனுக்கு,

உன் கடிதம் கண்டு வயிறு குளிர்ந்தது. முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது, வலியும் அதோடேயே இருக்கிறது. வினுஷா படிப்பு, பார்மசி வேலை என்று ஓடுகிறாள். சோறு போட்டால் போனைப் பார்த்துக்கொண்டு தின்கிறாள்.

நீ வேலையில்லாமல் இருந்த காலத்தில் நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நீ பொய் சொல்வாய், அதுதான். இப்போது கேட்கிறேன். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக் குசினியில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், என் தம்பி ஹெலிகொப்டர் பூட்டுகிறான் என்று. பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி, எத்தனை பேர் இருக்கலாம் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

ஆகவே எழுது. எத்தனை கதிரை? என்ன நிறம்? ஓட்டுகிற பைலட் வெள்ளைக்காரரா? சத்தம் எப்படி இருக்கும்? எனக்குக் கேட்காது என்று விட்டுவிடாதே, எழுத்தில் எழுதினால் விளங்கும்.

முக்கியமான விஷயம். பைலட்டின் பெயரையும் நட்சத்திரத்தையும் அனுப்பு. நீ பூட்டின இறக்கையை நம்பித்தானே அந்த மனுசன் மேலே போகிறார். அவருக்கு ஒன்று என்றால் உன் தலையில்தான் விடியும். கரம் டவுன்ஸ் கோயிலில் வெள்ளிக்கிழமை அவர் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்விக்கிறேன். வெள்ளைக்காரருக்கு நட்சத்திரம் தெரியாவிட்டால் பிறந்த நாளையும் நேரத்தையும் கேள், ஐயரிடம் கொடுத்துப் பார்க்கலாம். வெட்கப்படாமல் கேள்.

மயூராவைத் தேடியதாகச் சொல். ராத்திரி வேலை முடித்து வந்தால் அவளை நித்திரை கொள்ள விடு.

அக்கா
யோகா


லிட்கம்
09.03.2024

அன்பு மருமகள் வினுஷாவுக்கு,

படிப்பும் உடம்பும் எப்படிப் போகின்றன? இதை உன் பார்மசி விலாசத்துக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு வந்தால் உறையில் என் எழுத்தைப் பார்த்து அம்மா உடைத்துவிடுவா. போனில் எழுதலாம் என்றால், படம் பார்க்கிறேன் என்று உன் போனைத் தட்டிக்கொண்டே இருப்பா.

அம்மா பைலட்டின் பெயர் கேட்டிருக்கிறா. பைலட் இல்லை, வினு. நாங்கள் செய்வது ஆளில்லா ஹெலிகொப்டர். கீழே ஒரு கொட்டகைக்குள் இரண்டு பேர் இருந்து திரையைப் பார்த்து ஓட்டுவார்கள். மூக்கில் கமெரா இருக்கும். கடலில் தவறியவர்களைத் தேடுவதற்கு என்று எழுதினேனே, அது பொய்யில்லை. போன மாதம் ஒரு மீன்பிடிக்காரரை அப்படிக் கண்டுபிடித்தார்கள்.

நீ அப்போது சின்னப் பிள்ளை. வன்னியில் யுத்தத்தின் கடைசி மாதங்களில் மேலே ஓர் ஆளில்லா விமானம் சுற்றும். சனங்கள் அதற்கு வண்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். வண்டு வந்து பார்த்துவிட்டுப் போனால் கொஞ்ச நேரத்தில் ஷெல் விழும். உன் அப்பா கடைசியாக என்னோடு போனில் கதைத்தபோது பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. “சிறி, மேல வண்டு சுத்துது, பிறகு எடுக்கிறன்” என்றார் அத்தான். பிறகு எடுக்கவில்லை. உன் அம்மாவின் காது போனதும் அன்றுதான். நான் இங்கே சிட்னியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

முதல் நாள் வேலையில் எனக்கு முன்னால் இயந்திரத்தை எழுப்பினார்கள். கண்ணை மூடிக் கேட்டேன், இறக்கை சரியாக இருக்கிறதா என்று. சரியாகத்தான் இருந்தது. மத்தியானம் சாப்பிட்டேன். பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். “எப்பிடி முதல் நாள்?” என்றாள் மயூரா. “நல்லம்” என்றேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. அழுகை இல்லை, கோபம் இல்லை. விறைத்த கையால் ஒரு பொருளைத் தூக்கினால் தூக்கியது தெரியாது பார், அப்படி.

பிறந்த வீட்டில் எனக்கு மிஞ்சியிருப்பது ஓர் அக்கா. இதை அறிந்து அவ என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றுவிட்டால் நான் என்ன செய்வேன்? வேலையையும் விட மனம் வரவில்லை. சொல்லட்டா, விடட்டா? நீதான் அவவோடு இருக்கிறாய்.

மாமா


டண்டினோங்
18.03.2024

அன்புள்ள மாமா,

நான் ஓகே. நீங்களும் மாமியும் சுகம் என்று நினைக்கிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தது இவ்வளவுதான், பிழை இருந்தால் சிரிக்க வேண்டாம். லஞ்ச் நேரத்தில் எழுதுகிறேன்.

சொல்லாதீர்கள்.

நாங்கள் இந்த நாட்டுக்குப் படகில் வந்தபோது, கன நாளுக்குப் பிறகு, ஒரு பிளேன் வந்து மேலே சுற்றியது. அது எங்களைத் தேடி வந்த பிளேன். எல்லாரும் எழும்பிக் கை காட்டிக் கத்தினார்கள். அம்மாவுக்குச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் எல்லாரும் மேலே பார்க்கிறதைப் பார்த்தா. உடனே என்னைக் கீழே தள்ளி என் மேலே படுத்தா. நான் மூச்சு எடுக்க முடியாமல் கத்தினேன், அதுவும் அவவுக்குக் கேட்கவில்லை. கப்பல் வந்து எங்களை ஏற்றும் மட்டும் எழும்பவில்லை.

இப்போதும் அம்மா அழுவதில்லை. ஏதாவது என்றால் குசினிக்குப் போய் அரிசி கழுவுவா. பசி இல்லாத நேரத்திலும் எங்கள் வீட்டில் சோறு இருக்கும். நீங்கள் அதைப் பார்க்கவில்லை மாமா, நான்தான் பார்க்கிறேன்.

பைலட்டுக்கு ஏதாவது பெயர் வையுங்கள். அதில் ஒரு கெடுதலும் இல்லைத்தானே.

லவ்,
வினு


லிட்கம்
02.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதப் பிந்திவிட்டது, கோபிக்காதீர்கள். வேலை கூடிவிட்டது. நாங்கள் இருவரும் சுகம். மயூராவுக்கு மட்டும் இருமல் விட்டுவிட்டு வருகிறது. நீங்கள் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா, அல்லது எனக்கு எழுதும்போது மட்டும் கொடுக்கிறீர்களா?

கேட்டவற்றுக்குப் பதில். நிறம் சாம்பல். பெரிய ஹெலிகொப்டர் இல்லை, சின்னது. ஆகவே கதிரையும் ஒன்றுதான். பைலட்டின் பெயர் பேற்றர். ஐரோப்பாவிலிருந்து வந்தவர், கதைப்பது குறைவு. பிறந்த நாளும் நேரமும் கேட்டு வாங்கி இங்கே ஓர் அங்கிளிடம் பார்த்தேன். அத்த நட்சத்திரம் என்றார். கன்னி ராசி.

நீங்கள் வீணாகச் சிரமப்பட வேண்டாம், நாங்கள் கவனமாகத்தான் பூட்டுகிறோம். ஆனாலும் உங்கள் மனம் எனக்குத் தெரியும். வேண்டாம் என்றால் இரண்டு அர்ச்சனையாகச் செய்விப்பீர்கள்.

இங்கே மழை தொடங்கிவிட்டது. வேலைக்குப் போகும்போது குடை கொண்டு போங்கள்.

உங்கள் தம்பி,
சிறி


டண்டினோங்
21.04.2024

என் அன்புத் தம்பி சிறிக்கு,

நான் சுகம். ஒத்தடம் கொடுக்கிறேன், வினுஷாவைக் கேட்டுப் பார். மயூராவின் இருமலுக்குக் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் கொடு. தாதிதான், ஆனால் தன் உடம்பைப் பார்க்கத் தெரியாதவள்.

வெள்ளிக்கிழமை அர்ச்சனை முடிந்தது. வினுஷா காரில் கொண்டுபோய் விட்டாள். நான் சீட்டை நீட்டினேன். ஐயர் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். திரும்பச் சீட்டைப் பார்த்தார். பேற்றர் நாமதேயஸ்ய என்று சொல்ல அவருக்கு ஒரு செருமல் தேவைப்பட்டது. பிறகு சொன்னார். பின்னால் நின்ற பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் பார்த்தும் பாராதது போல் நின்றேன்.

உன் அத்தானின் நட்சத்திரமும் அத்தம்தான். உனக்கு நினைவிருக்காது.

இதோடு திருநீறு வைத்திருக்கிறேன். இயந்திரத்தில் கொஞ்சம் பூசு. புது வாகனம் என்றால் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசிக்க வேண்டும், ஹெலிகொப்டருக்குச் சில்லு உண்டோ தெரியாது. இருந்தால் வை. வெள்ளைக்காரர் கேட்டால், எங்கள் ஊர்ப் பாதுகாப்பு விதி என்று சொல்.

சத்தம் எப்படி என்று கேட்டிருந்தேன், அதை மறந்துவிட்டாய். அடுத்த கடிதத்தில் எழுது.

அக்கா
யோகா


லிட்கம்
14.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு நாளும் எழுதாமல் இருந்ததற்கு ஒரு சாட்டும் இல்லை. சுகமாக இருக்கிறோம். மயூராவின் இருமல் உங்கள் மருந்தில் நின்றது, அல்லது தானாக நின்றது. இங்கே குளிர். காலையில் கை விறைத்துப்போய்த் திருகாணி நழுவுகிறது. உங்கள் பக்கம் இன்னும் கூடவாக இருக்கும்.

திருநீறு கிடைத்தது. மூக்கில் கமெரா இருப்பதால் வெளியே பூச முடியவில்லை. என்ஜின் மூடியின் உள்பக்கம் பூசினேன். ஒருவரும் காணவில்லை. சில்லு இல்லை, இரண்டு கம்பிக் கால்தான். தேசிக்காயை மயூரா ஊறுகாய் போட்டுவிட்டாள்.

செப்டெம்பரில் வேலை விஷயமாக ஆறு கிழமை சிங்கப்பூர் போக வேண்டி வரும். வாங்கியவர்களுக்கு இயந்திரத்தைப் பூட்டவும் பார்க்கவும் பழக்க வேண்டும். அந்த நாட்களில் கடிதம் வராவிட்டால் யோசிக்க வேண்டாம்.

பேற்றர் சுகம். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

உங்கள் தம்பி,
சிறி


லிட்கம்
15.07.2024

அன்பு மருமகள் வினுஷாவுக்கு,

சோதனைகள் முடிந்தனவா? நன்றாகச் செய்திருப்பாய்.

சிங்கப்பூர் இல்லை. திருகோணமலை.

எங்கள் ஊர்க் கடற்படை ஓர் இயந்திரம் வாங்குகிறது. கொம்பனி மேலாளர் நல்ல மனிதர், ஒரு நாளும் குரல் உயர்த்தாதவர். என்னைக் கூப்பிட்டு முகமெல்லாம் மலர்ந்து சொன்னார். நீ அந்த நாட்டவன், இடமும் தெரியும், பழக்கமும் தெரியும், அவர்களோடு உனக்கு வசதியாக இருக்கும், சொந்தக்காரரையும் பார்த்துவிட்டு வா என்றார். எனக்கு ஒரு பரிசு தருவதாகத்தான் அவர் நினைத்தார். அவர் கையில் எனக்கென்று கோப்பி வேறு வைத்திருந்தார்.

நான் ஓம் என்று தலையாட்டினேன். கோப்பியை வாங்கிக் குடித்தேன். நன்றி சொன்னேன். வெளியே வந்து கார் கதவைத் திறக்கும்போதுதான் எதற்கு நன்றி சொன்னேன் என்று யோசித்தேன்.

இதை யார் தலையில் போடுவது என்று தெரியாமல் உன் தலையில் போடுகிறேன். நீ ஒன்றும் செய்ய வேண்டாம். பதிலும் எழுத வேண்டாம்.

மாமா


டண்டினோங்
04.08.2024

என் அன்புத் தம்பி சிறிதரனுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். முழங்கால் பற்றி இந்த முறை எழுதவில்லை, உனக்கும் அலுத்திருக்கும்.

பங்குனியில் மயூரா குடும்பக் குழுவுக்கு ஒரு படம் அனுப்பினாள். நீ ஓர் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறாய். வினுஷா அந்தப் படத்தை உடனே அழித்தாள். அதற்கு முதலே நான் பார்த்துவிட்டேன். இயந்திரம் உன் நெஞ்சு உயரம்தான். கதவு இல்லை. கண்ணாடி இல்லை. பேற்றர் எங்கே இருப்பார் என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு விளங்கியது.

அதற்குப் பிறகுதான் நீ கதிரை ஒன்று, பைலட் பேற்றர் என்று எழுதினாய். உனக்குப் பொய் சொல்ல வராது, சிறி. சின்ன வயதிலிருந்தே கேட்டதற்கு மேலே இரண்டு விஷயம் கூடச் சொல்வாய். கன்னி ராசி என்று நான் கேட்டேனா?

தெரிந்துகொண்டுதான் கோயிலுக்குப் போனேன். ஏன் என்று சொல்கிறேன். செத்தவர்களுக்கு அர்ச்சனை இல்லை. திதியில் உன் அத்தானின் பெயரைச் சொல்வார்கள், நட்சத்திரம் சொல்ல மாட்டார்கள். முன்பு வெள்ளிதோறும் சிவபாலன், அத்தம், கன்னி என்று நான் சீட்டெடுத்தவள். இத்தனை வருஷமாக அதை ஒருவரும் சொல்லவில்லை. உன் கடிதத்தில் அத்தம் என்று கண்டதும், எங்கேயிருந்தோ உனக்கு அது வந்திருக்கிறது என்று நினைத்தேன். ஐயரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஹஸ்த நட்சத்திரே என்று உதடு அசைந்தது. எனக்கு அது போதும். பேற்றருக்கும் போதும்.

உன்னோடு எனக்குக் கோபம் இல்லை. கோபம் வருமா என்று கொஞ்ச நாள் பார்த்தேன், வரவில்லை. வேலையை விடு என்றும் சொல்ல மாட்டேன். கடலில் தவறியவரைத் தேடுகிறது என்றாய். படகில் எங்களையும் ஒன்று தேடித்தான் வந்தது. சிங்கப்பூர் உண்மையா என்றும் கேட்கவில்லை, நீ சொல்லும்போது சொல்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். முன்பு இரண்டு முறை கேட்டேன், எல்லாவற்றுக்கும் பதில் எழுதி அதை மட்டும் விட்டுவிட்டாய். அன்றைக்குப் பிறகு எனக்குள் வேறு சத்தம் ஒன்றும் போகவில்லை. கடைசியாகக் கேட்டது அப்படியே உள்ளே இருக்கிறது. வினுஷா இப்போது எந்தக் குரலில் கதைக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சத்தம் மட்டும் தெரியும். நீ காதால் வேலை செய்கிறவன். அத்தான் கடைசியாக உன்னோடு கதைத்தபோது நீயும் அதைக் கேட்டாய். உன்னுடையது அதேதானா, வேறா? எழுது.

மயூராவுக்கு என் அன்பு.

அக்கா
யோகா


லிட்கம்
08.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உங்கள் கடிதத்தை நான் மூன்று கிழமை காருக்குள் வைத்திருந்தேன். வீட்டுக்குள் கொண்டுவர முடியவில்லை.

சிங்கப்பூர் இல்லை, திருகோணமலை. எங்கள் ஊர்க் கடற்படைக்குப் பழக்க என்னை அனுப்பப் பார்த்தார்கள், நானும் ஓம் என்றுவிட்டேன். உங்கள் கடிதம் வந்த பிறகு மேலாளரிடம் போய் என்னால் முடியாது என்றேன். ஏன் என்றார். குடும்ப விஷயம் என்றேன். உன் அக்காவை அங்கே போய்ப் பார்க்கலாம் என்று சந்தோஷப்படுவாய் என நினைத்தேனே என்று அவர் கவலைப்பட்டார். அக்கா மெல்பேர்ணில் இருக்கிறா என்றேன். அப்படியா என்றார். அவ்வளவோடு கதை முடிந்தது. பிறிஸ்பேனிலிருந்து ஒருவர் போகிறார்.

நான் போகவில்லை என்பதை ஒரு பெரிய காரியமாக எழுத முடியவில்லை. ஏனென்றால் இயந்திரம் போய்விட்டது. கடைசி முறை இறக்கையைச் சமன்செய்தது நான்தான். கழற்றிப் பெட்டியில் அடைத்ததும் நான்தான். மூடியைத் திறந்தபோது உள்ளே நீங்கள் அனுப்பிய திருநீறு இருந்தது. துடைக்கத் துணியை எடுத்தேன். பிறகு துடைக்காமலே மூடிவிட்டேன். அன்றும் மத்தியானம் சாப்பிட்டேன்.

நட்சத்திரம் எங்கேயிருந்து வந்தது என்று எழுதியிருந்தீர்கள். யோசித்து எழுதவில்லை. எழுதி முடித்துத் தபாலில் போட்ட பிறகுதான் அது அத்தானுடையது என்று உறைத்தது. ஓடிப்போய்த் திருப்பிக் கேட்கலாம் என்றால் அந்தப் பெண் பெட்டியைப் பூட்டிவிட்டாள்.

என்னை வெறுக்கிறீர்களா அக்கா? இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். திருகோணமலையைப் படித்த பிறகும் அப்படியா என்று கேட்கிறேன். உங்களை விட்டால் எனக்கு ஒருவரும் இல்லை.

நீங்கள் கேட்டதை எழுதுகிறேன். கிட்ட நின்றால் இறக்கை காற்றை அடிக்கும் சத்தம் கேட்கும், அது வேறு. கொஞ்சம் உயரப் போனால் இறக்கைச் சத்தம் குறைந்துவிடும். அதன் பிறகு என்ஜின் மட்டும் ஒரே சுருதியில் கேட்கும். போவது போலவும் இருக்கும், போகாமல் நிற்பது போலவும் இருக்கும். எந்தப் பக்கம் என்று கண்ணால் தேடினால் அகப்படாது.

அதேதான் அக்கா. முதல் நாளே தெரியும்.

உங்கள் தம்பி,
சிறி


டண்டினோங்
29.09.2024

என் அன்புத் தம்பி சிறிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வினுஷா கொண்டுவந்த புதுக் களிம்பால் முழங்கால் கொஞ்சம் மடங்குகிறது. மயூரா எப்படி?

வாசித்துவிட்டு அரிசி கழுவினேன். வினுஷா வந்து கையைப் பிடித்து, வேண்டாம் அம்மா, பானையில் இருக்கு என்றாள். பிறகு இருவரும் இருந்ததைச் சாப்பிட்டோம்.

நீ அதேதான் என்று எழுதியது நல்லது. எனக்குள் இருப்பது என் தலைக்கோளாறு இல்லை, வெளியிலும் இருக்கிறது என்று ஆயிற்று. வெறுக்கிறேனா என்று கேட்டாய். பைத்தியக்காரா, உன்னை வெறுத்துவிட்டு நான் யாருக்குக் கடிதம் எழுதுவது?

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். பேற்றருக்கு இனித் தேவையில்லை, உன் பெயருக்குச் செய்விப்போம் என்று நினைத்துத்தான் போனேன். வரிசையில் நிற்கும்போது நீ அடைத்த அந்தப் பெட்டி நினைவுக்கு வந்தது. இப்போது பிரித்திருப்பார்கள். திருகோணமலையில் அது எழும்பும்போது கீழே கடலில் வள்ளங்கள் நிற்கும். கரையில் வலை உதறுவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவார்கள். அவர்களுக்கெல்லாம் காது கேட்கும். கேட்டதும் எங்களைப் போல ஆட்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். தேடித்தான் வருகிறதோ, வேறு எதற்கோ, கீழே நிற்கிறவருக்கு எப்படி விளங்கும்?

ஐயர் என்னை இப்போது அடையாளம் வைத்திருக்கிறார். பேற்றரா என்று சிரித்துக்கொண்டு கேட்டார், வாயசைவில் பிடித்தேன். இல்லை என்றேன். பெயர் என்றார். தெரியாது என்றேன். நட்சத்திரம் என்றார். அதுவும் தெரியாது என்றேன். எத்தனை பேருக்கு என்று விரலை விரித்துக் காட்டினார். எனக்கு எண்ணத் தெரியவில்லை, சிறி.

தெரியாவிட்டால் சுவாமி பெயருக்கே செய்வார்கள். அப்படியே செய்யச் சொல்லிவிட்டு நின்றேன். இனி வெள்ளிதோறும் அதுதான்.

அங்கே வெயில் தொடங்கியிருக்கும். தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்குப் போ.

அக்கா
யோகா